பிடித்த மீனை விட்டு விடலாமா?

கனடா நாட்டின் வடகோடியில் ஒரு ஏரி இருக்கிறது. பெருங்கரடி ஏரி என்று பெயர். ஏரி என்றதும் ஊருக்கு வெளியே இருக்கும் ஏரியை நினைத்துக் கொள்ள வேண்டாம். இதன் பரப்பு சுமார் 12 ஆயிரம் சதுர மைல்! கரையில் நின்றால் கடல் மாதிரி இருக்கும். வடதுருவ வட்டம் இந்த ஏரியைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகிறது. ஆண்டில் பாதிக்கு மேல் ஏரி உறைந்து கிடக்கும். ஜூலை மாதத்திலும் பனிக்கட்டி மிதப்பது உண்டு.

இந்த ஏரியில் வந்து கலக்கும் ஆறுகளில் ஒன்று காட்செயெடி. அதன் கரையில் ஊர் இல்லை. சாலை இல்லை. கோடைக் காலத்தில் அங்கே போக வேண்டுமானால், தண்ணீரில் இறங்கும் சிறு விமானத்தில்தான் போக வேண்டும்.

இவ்வளவு பாடுபட்டு அங்கே எதற்குப் போகிறார்கள்? மீன் பிடிக்க!

1967-ம் ஆண்டு ஆகஸ்டு மாதம் இந்த ஆற்றில் ஜீன் பிரான்சன் என்ற பெண்மணி ஒரு மீன் பிடித்தார். எடை 5 பவுண்டு 15 அவுன்ஸ். "இதென்ன பிரமாதம்? மார்க்கெட்டில் இதைவிடப் பெரிய மீன் கிடைக்கிறதே!" என்று தோன்றலாம். ஆனால் அந்த இனத்தில் அதுதான் உலக சாதனை. அரை நூற்றாண்டு கடந்த பிறகும் அந்தச் சாதனை நிற்கிறது.

அந்த மீனுக்குக் கிரேலிங் என்று பெயர். அதைப் பிடிப்பதைப் பற்றி ஒரு வழக்கு வெகு நாளாக நடந்து வருகிறது. கோர்ட்டில் அல்ல, ஆற்றங்கரையில். பிடித்த மீனைத் திரும்பத் தண்ணீரில் விட்டுவிடுவது தர்மமா, அதர்மமா? இதுதான் வழக்கு.

முதுகில் கொடி

வழக்கைச் சொல்லுமுன் மீனைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

கிரேலிங் பெரிய மீன் அல்ல. ஒரு முழ நீளம் இருந்தால் நல்ல மீன். ஒரு பவுண்டு, இரண்டு பவுண்டு எடை இருக்கும். உடம்பு சாம்பலும் நீலமும் கலந்த நிறம். வாய் சிறியது. அழகெல்லாம் முதுகில்தான் இருக்கிறது. மற்ற மீன்களுக்கு முதுகுத் துடுப்பு சின்னதாக இருக்கும். இதற்கு அது பாய்மரம் போல் உயர்ந்து நிற்கும். அதில் சிவப்பும் ஊதாவும் நீலமுமாகப் புள்ளிகள் வரிசை வரிசையாக இருக்கும். வெயில் பட்டால் மயில் தோகையின் கண்கள் மாதிரி பளபளக்கும். மீன் செத்ததும் அந்த நிறம் மங்கி விடும்.

வட கனடாவின் காடுகளில் படகு தள்ளிய பிரெஞ்சுக்காரர்கள் இதை "நீல மீன்" என்று அழைத்தார்கள். ஜான் ரிச்சர்ட்சன் என்ற ஸ்காட்லாந்து டாக்டர், பிராங்க்ளின் துரையின் ஆராய்ச்சிக் குழுவோடு 1819-ல் அந்தப் பக்கம் போனவர். அவர் இதற்கு லத்தீனில் "கொடி தாங்கி" என்று பொருள்படும் பெயர் வைத்தார். பொருத்தமான பெயர்தான். பனி உருகியதும் இந்த மீன்கள் ஜோடி சேரும். அப்போது ஆண் மீன் தன் கொடியைச் சாய்த்துப் பெண் மீனின் முதுகைப் போர்த்திக் கொள்ளும். கல்யாணப் பந்தலை முதுகிலேயே சுமந்து திரியும் மாப்பிள்ளை!

இந்த மீன் மெதுவாக வளரும். முட்டையிடும் பருவம் வருவதற்கே நாலைந்து வயது ஆகும். குளிர் மிகுந்த ஆறுகளில் இன்னும் அதிகம் ஆகும். சில மீன்கள் 20 வயதுக்கு மேலும் உயிரோடு இருக்கின்றன. ஆகவே, தூண்டிலில் மாட்டும் ஒரு பெரிய கிரேலிங், காலேஜில் படிக்கும் பையன் வயது உள்ளதாக இருக்கலாம்.

ஈத் தூண்டில்

இதைப் பிடிக்கும் முறை விசித்திரமானது. நம் ஊர்த் தூண்டிலில் முள் இருக்கும், மண்புழு இருக்கும், தக்கை இருக்கும். இங்கே புழுவும் இல்லை, தக்கையும் இல்லை. முள்ளின் மேல் சேவல் இறகையும், மான் மயிரையும், பட்டு நூலையும் சுற்றி, ஒரு ஈ போலச் செய்து விடுகிறார்கள். பொய் ஈ! சில ஈக்கள் ஒரு நெல்மணி அளவுதான் இருக்கும். கட்டுவதற்குப் பொற்கொல்லனின் கை வேண்டும்.

இது இன்று நேற்று வந்த வித்தை அல்ல. சுமார் 1,800 ஆண்டுகளுக்கு முன்பே, மாசிடோனியா நாட்டு மீன்பிடிப்பவர்கள் முள்ளில் சிவப்புக் கம்பளி நூலைச் சுற்றி, சேவலின் இறகு இரண்டைக் கட்டி மீன் பிடித்ததாக ஏலியன் என்ற ரோமானிய எழுத்தாளர் எழுதி வைத்திருக்கிறார்.

(நம் பக்கத்துக் காடுகளுக்கும் இதில் ஒரு சம்பந்தம் உண்டு. மேற்குத் தொடர்ச்சி மலையில் வாழும் காட்டுச் சேவலின் கழுத்து இறகுக்கு ஐரோப்பாவில் ஒரு காலத்தில் ஏகக் கிராக்கி. சால்மன் மீனுக்கான ஈக்களில் அதை வைத்துக் கட்டினார்கள். இப்போது அந்தப் பறவைக்கு இந்தியச் சட்டத்தின் பாதுகாப்பு இருக்கிறது.)

பொய் ஈக்கு எடையே கிடையாது. எடை இல்லாத பொருளைத் தூர எறிய முடியுமா? பஞ்சை எறிந்து பார்த்தால் தெரியும். அதனால், எடையைத் தூண்டில் கயிற்றில் வைத்து விட்டார்கள். கயிறு கொஞ்சம் தடிமன். அதன் நுனியில் மட்டும் கண்ணுக்குத் தெரியாத நைலான் நரம்பு. கோல் ஒன்பது அடி நீளம் இருக்கும்; சாட்டை போல் வளையும். முழங்கால் ஆழத் தண்ணீரில் நின்றுகொண்டு, கோலைப் பின்னால் ஒரு வீச்சு, முன்னால் ஒரு வீச்சு. கயிறு தலைக்கு மேலே பாம்பு போல் நீண்டு போய், 40 அடிக்கு அப்பால் தண்ணீரில் மெல்ல விழும். ஈ கடைசியாக, பூ விழுவது போல விழ வேண்டும். 'தொப்' என்று விழுந்தால் மீன் ஓடி விடும்.

விழுந்த பிறகு சும்மா இருக்க வேண்டும். அதுதான் கஷ்டம்! தண்ணீர் போகும் வேகத்திலேயே ஈயும் மிதந்து போக வேண்டும். கயிறு இழுத்து, ஈ நீரோட்டத்துக்குக் குறுக்கே ஓடினால், "நிஜ ஈ இப்படிப் போகாதே" என்று மீன் கண்டு கொள்ளும்.

கொசுவுக்கு நன்றி

ஆனால் வடக்கு ஆறுகளில் கிரேலிங் அவ்வளவு சந்தேகப்படாது. ஒரு முறை பாய்ந்து ஈயைத் தவற விட்டால், திரும்பவும் வரும். மூன்றாவது முறையும் வரும்.

அது முட்டாள் மீனா? இல்லை. அதற்குப் பசி!

வடதுருவக் கோடை இரண்டு மூன்று மாதங்கள்தான். அந்த நாட்களில் சூரியன் மறைவதே அருமை. பனி உருகியதும் சதுப்பு நிலமெல்லாம் கொசு கிளம்பும். மேகம் மேகமாகக் கிளம்பும். தலையில் வலையைப் போட்டுக் கொள்ளாமல் அங்கே நிற்க முடியாது. கொசுவோடு கறுப்பு ஈயும் வரும். தண்ணீரில் பிறந்து தண்ணீருக்கு மேலே பறக்கும் பூச்சிகள் பல வகை உண்டு, அவையும் வரும். மனிதனுக்கு அது நரகம். மீனுக்கு அது பண்டிகை. ஆண்டு முழுவதற்கும் வேண்டிய கொழுப்பை அந்த இரண்டு மூன்று மாதங்களில் அது சேர்த்தாக வேண்டும். வருகிற ஈயையெல்லாம் ஆராய்ந்து கொண்டிருக்க நேரம் ஏது?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆற்றின் ஒவ்வொரு மடுவிலும் பெரிய மீன்தான் நல்ல இடத்தைப் பிடித்துக் கொள்ளும். நீரோட்டத்தில் பூச்சி முதலில் வந்து சேரும் இடம் அது. சின்ன மீன்கள் பின்னால் நிற்கும். ஆகையால் தூண்டில்காரனின் ஈ பெரும்பாலும் முதலில் பெரிய மீனிடமே போய்ச் சேருகிறது. பல ஆண்டுகள் முட்டையிட்டு இனத்தைப் பெருக்கக் கூடிய மீன் எதுவோ, அதுவே முதலில் மாட்டுகிறது.

எளிதில் மாட்டும், மெதுவாக வளரும். இந்த இரண்டு குணமும் சேர்ந்தால் ஆபத்து. அதற்கு ஒரு சாட்சி இருக்கிறது.

பெயர் மட்டும் மிஞ்சிய ஊர்

அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு ஊர் இருக்கிறது. ஊரின் பெயரே கிரேலிங். பக்கத்தில் ஓடும் ஆற்றில் ஒரு காலத்தில் இந்த மீன் அவ்வளவு மலிந்து கிடந்தது. அதனால் அந்தப் பெயர்.

1870-களில் அங்கே ரயில் போயிற்று. ரயிலில் தூண்டில்காரர்கள் வந்தார்கள். பிடித்தார்கள், பிடித்தார்கள், பிடித்துக் கொண்டே இருந்தார்கள். தின்றது போக மீதி நகரத்து ஓட்டல்களுக்குப் போயிற்று. அதுவும் போக மீதி கரையில் அழுகிற்று.

தூண்டிலை மட்டும் குற்றம் சொன்னால் அது நியாயமாகாது. அதே சமயம் மரக் கம்பெனிகள் காட்டை மொட்டை அடித்தன. வெட்டிய மரங்களை ஆற்று வெள்ளத்தில் உருட்டி விட்டார்கள். வசந்த காலத்தில்தான் வெள்ளம் வரும். வசந்த காலத்தில்தான் கிரேலிங் முட்டையிடும். கூழாங்கல்லில் கிடந்த முட்டைகளை மரங்கள் உருண்டு அரைத்துத் தள்ளின. நிழல் தந்த மரம் போனதால் தண்ணீர் சூடேறிற்று. மண் சரிந்து ஆற்றில் படிந்தது. போதாக்குறைக்கு, வெளியிலிருந்து வேறு ஜாதி டிரவுட் மீன்களைக் கொண்டு வந்து அதே ஆறுகளில் விட்டார்கள். அவை கிரேலிங்கின் இடத்தைப் பிடித்துக் கொண்டன.

1930-களோடு மிச்சிகனில் கிரேலிங் பூண்டோடு அழிந்தது. பிறகு வேறு இடங்களிலிருந்து குஞ்சுகளைக் கொண்டு வந்து விட்டுப் பார்த்தார்கள். ஒன்றும் நிலைக்கவில்லை. ஊரின் பெயர்ப் பலகை மட்டும் நின்றது.

'விட்டு விடு' சட்டம்

இந்தப் பாடத்தைப் படித்த இடங்களில் அலாஸ்காவும் ஒன்று. அங்கே பேர்பாங்க்ஸ் என்ற நகரத்தின் நடுவே சீனா என்று ஒரு ஆறு ஓடுகிறது. (சீன நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை, பெயர் அப்படி ஒலிக்கிறது, அவ்வளவுதான்.) நகரம் வளர்ந்தது. கிரேலிங் குறைந்தது. அதிகாரிகள் கணக்கெடுத்துப் பார்த்துப் பயந்து போனார்கள். 1990-களின் தொடக்கத்தில் ஒரு விதி வந்தது: அந்த ஆற்றில் கிரேலிங் பிடிக்கலாம். ஆனால் பிடித்ததைத் தண்ணீரில் விட்டுவிட வேண்டும்.

எப்படி விடுவது என்பதற்கும் முறை இருக்கிறது. சாதாரணத் தூண்டில் முள்ளின் நுனியில், பின்னோக்கி ஒரு சிறு கூர் நீட்டிக் கொண்டிருக்கும். மாட்டிய மீன் கழன்று விடாமல் பிடிப்பது அதுதான். அதைக் குறட்டால் நசுக்கி விட வேண்டும். மீனைத் தொடுமுன் கையை நனைத்துக் கொள்ள வேண்டும். உலர்ந்த கை பட்டால், மீன் உடம்பின் வழுவழுப்பு போய் நோய் வரும். போட்டோவுக்காக மீனை வெகு நேரம் தூக்கிப் பிடிக்கக் கூடாது. தண்ணீருக்குள் வைத்தபடியே முள்ளைக் கழற்றி, மீன் தானாக நீந்திப் போகும் வரையில் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

இப்படிச் செய்தால் பெரும்பாலான மீன்கள் பிழைத்துக் கொள்கின்றன. பெரும்பாலானவைதான். எல்லாமும் அல்ல.

"மீனோடு விளையாடாதே!"

வழக்கின் மறுபக்கம் இங்கேதான் தொடங்குகிறது.

பெருங்கரடி ஏரியின் கரையில் டெலினே என்று ஒரே ஒரு ஊர் உண்டு. டெனே என்ற பழங்குடி மக்கள் வாழும் ஊர். 2016-ல் தங்கள் ஊரைத் தாங்களே ஆளும் உரிமையைப் பெற்றவர்கள் இவர்கள். காலம் காலமாக மீனும் கலைமானும்தான் இவர்களுக்குச் சோறு.

இவர்கள் ஒரு கதை சொல்கிறார்கள். முன்னொரு காலத்தில் காயே தாவோயே என்ற ஒருவர் இருந்தார். ஒரு நாள் ஏரியில் நான்கு தூண்டில் போட்டார். காலையில் போய்ப் பார்த்தால் ஒரு தூண்டிலின் முள்ளைக் காணோம்! ஒரு பெரிய மீன் கயிற்றை அறுத்துக் கொண்டு போய் விட்டது. அந்தக் காலத்தில் முள் கிடைப்பது அரிது. எப்படி விடுவது? லோஷ் என்ற மீனின் உடலில் புகுந்து கொண்டு, முள்ளைத் தேடி ஏரியின் அடிக்குப் போனார். அங்கே 'தம் தம்' என்று ஒரு பெரிய ஓசை கேட்டது. கிட்டப் போனார். ஒரு பிரம்மாண்டமான இருதயம் துடித்துக் கொண்டிருந்தது! ஏரியில் உள்ள மீன் இனங்கள் எல்லாம் அதைச் சுற்றி, அதையே பார்த்தபடி காவல் நின்றன. தண்ணீருக்கு உயிர் கொடுப்பது அந்த இருதயம்தான் என்பது டெனே மக்களின் நம்பிக்கை.

அப்படி ஒரு கதையைக் கேட்டு வளர்ந்தவர்களுக்கு, விமானம் ஏறி வந்து மீனைப் பிடித்து, பிடித்து, விட்டு விட்டுப் போகும் வெள்ளைக்காரர்களைப் பார்த்தால் எப்படி இருக்கும்?

"அது உனக்கு ஆகாரமாக வந்தது. வேண்டும் என்றால் எடுத்துக் கொள். வேண்டாம் என்றால் தூண்டில் போடாதே. அதன் வாயைக் குத்தி, இழுத்து, வேடிக்கை பார்த்து விட்டு அனுப்புகிறாயே, இது மீனோடு விளையாடுவது அல்லவா?"

வட கனடாவின் பழங்குடிப் பெரியவர்கள் பலர் கேட்பது இதுதான். அவமானப்பட்ட மீன் திரும்பி வராது என்றும் அவர்கள் சொல்கிறார்கள்.

தூண்டில்காரர்கள் இதற்குப் பதில் சொல்கிறார்கள்: "நாங்கள் விட்டதால்தானே மீன் மிஞ்சியிருக்கிறது!"

இரு தரப்பிலும் நியாயம் இருக்கிறது. ஆனால் எல்லா ஆற்றிலும் ஒரே அளவு இல்லை.

நகரத்தின் ஓரத்தில் ஓடும் ஆற்றில், ஆயிரம் பேர் தூண்டில் போடும் இடத்தில், 'விட்டு விடு' என்ற சட்டம் அவசியம். அது இல்லாவிட்டால் இன்னொரு மிச்சிகன்தான். ஆளுக்கு இரண்டு மீன் என்றாலும் அந்த ஆறு தாங்காது.

காட்செயெடி போன்ற ஆற்றில் கதை வேறு. அங்கே சட்டத்தைச் சாக்காக வைத்துக் கொண்டு, "நேற்று 50 மீன் பிடித்து விட்டேன், இன்று 60" என்று கணக்குச் சொல்பவர்கள் உண்டு. ஐம்பது மீன்களின் வாயில் முள் குத்திய பிறகும் "ஒரு உயிரைக் கூடக் கொல்லவில்லை" என்று சொல்லிக் கொள்கிறார்களே, இது என்ன கணக்கு? விட்ட மீன்களில் சில பிறகு செத்துப் போகத்தான் செய்கின்றன. அவற்றை யாரும் எண்ணுவது இல்லை. இந்த இடத்தில் டெனே பெரியவர்களின் பக்கம்தான் நியாயம் அதிகம்.

அந்த ஆற்றில் நிற்பவன், சட்டம் அனுமதித்தால், ஒரு மீனை எடுத்துக் கொள்ளட்டும். கிரேலிங்கின் கறி வெள்ளையாக, மெதுவாக இருக்கும். அதிக நேரம் தாங்காது. பிடித்த உடனே சமைத்தால்தான் ருசி. கரையில் நெருப்பு மூட்டி, வாணலியில் போட்டுத் தின்று விட்டு, கோலை மடித்து வைத்து விடலாம். மிச்சப் பொழுதுக்கு ஆற்றைப் பார்த்துக் கொண்டிருக்கட்டும். தெளிந்த தண்ணீரில் அந்தக் கொடி மேலே வந்து போவதைப் பார்ப்பதற்குத் தூண்டில் தேவையில்லை.

வாளியில் வந்த குஞ்சு

மிச்சிகன் கதை 1930-களோடு முடிந்து விடவில்லை. 2016-ல் அந்த மாநில அரசாங்கமும், ஒட்டாவா என்ற பழங்குடி மக்களின் ஒரு பிரிவினரும் கைகோத்தார்கள். கிரேலிங்கைத் திரும்பக் கொண்டு வருவது என்று முடிவு செய்தார்கள். முட்டைக்கு எங்கே போவது? அலாஸ்காவின் சீனா ஆற்றுக்குத்தான் போனார்கள். பிடித்ததை விட்டுவிட வேண்டும் என்று விதி போட்டுக் காத்த அதே ஆறு!

2019 முதல் அங்கிருந்து முட்டைகள் வந்தன. பொரித்த குஞ்சுகளை மீன் பண்ணையில் வைத்துத் தாய் மீன்களாக வளர்த்தார்கள். 2025-ம் ஆண்டு வசந்த காலத்தில் அந்த மீன்களின் முட்டைகள் மிச்சிகன் ஆறுகளுக்குப் போயின.

இந்த முறை ஒரு புதிய தந்திரம் செய்தார்கள். குஞ்சுகளை வளர்த்துக் கொண்டு போய் ஆற்றில் கொட்டவில்லை. ஆற்றங்கரையில் வாளிகளை வைத்து, ஆற்றுத் தண்ணீரையே குழாய் மூலம் அவற்றில் ஓட விட்டு, உள்ளே முட்டைகளை வைத்தார்கள். குஞ்சு பொரிக்கும்போதே அந்த ஆற்றின் வாசனை அதற்குப் பழகி விடும். பெரிதானதும் முட்டையிட அது இங்கேயே திரும்பி வரும் என்பது எதிர்பார்ப்பு. பொரித்த குஞ்சுகள் வாளியின் விளிம்பு வரை நீந்தி வந்து, தாமாகவே ஆற்றில் இறங்கின.

வாளிகளைக் காவல் காத்தவர்களில் ஒட்டாவா மக்களும் உண்டு. அந்தக் குஞ்சுகள் முட்டையிடும் வயதை எட்ட இன்னும் சில ஆண்டுகள் ஆகும். அதுவரையில் அந்தக் கரையில் யாரும் ஈ கட்ட வேண்டியதில்லை.